இரண்டு ஸெய்னுதீன்களும் முப்பத்திரண்டு இலட்சமும்

நிலாவெளி
2025 ஜூலை 8, செவ்வாய்

அன்பும் அறிவும் வங்கி உத்தியோகமும் ஒருங்கே வாய்த்த என் மருமகள் சனூஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் வரலாற்றை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, ஒரு கையை நெஞ்சில் வைத்து மறு கையால் எழுதி உறுதி கூறுகிறேன். நீயும் நம்பமாட்டாய். உன் உம்மாவை விடு. என் கூடப்பிறந்தவளாயிருந்தும் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தாறிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் அவள் நம்பியது கிடையாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரம் என் போன் ஒரு தரம் இருமியது. எடுத்துப் பார்த்தேன். வங்கியிலிருந்து செய்தி. என் கணக்கில் முப்பத்திரண்டு இலட்சம் ரூபாய் வந்து விழுந்திருக்கிறது! கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். போனைத் துடைத்துப் பார்த்தேன். முகத்தைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். பூச்சியங்கள் அப்படியே நின்றன, முந்தி மூதூர் லோஞ்சுப் படகுக்கு இறங்குதுறையில் வரிசையாய் நின்ற சனங்களைப் போல.

ஏழு கடல் ராசாக்களும் கூடிப் பேசி, நாற்பது வருடம் அந்த லோஞ்சில் ரிக்கற் கிழித்த ஸெய்னுதீனுக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். வேறு விளக்கம் கிடையாது. அந்தக் காசு நீ வேலை செய்யும் கிளையிலிருந்தே வந்திருக்கிறது என்பதையும் கவனித்தேன். ராசாக்களுக்கு நம் குடும்பத்தில் எவ்வளவு மதிப்பு, பார்த்தாயா!

நேற்றுத் திங்கட்கிழமை நிலாவெளிக் கிளைக்குப் போய் ஒன்பது இலட்சத்தைக் கையில் எடுத்தேன். மிச்சத்தையும் எடுத்திருப்பேன், பை கொள்ளவில்லை. இப்போது நானும், அந்த லோஞ்சின் எஞ்சினை ஓட்டிய என் மந்திரி இராசதுரையும், வடக்கு நோக்கிய திக்விஜயத்தில் இருக்கிறோம். என்னைப் போனில் தேடாதே. போனை வைத்திருந்தால் பிடித்துவிடுவார்களாம். ஆகவே அதைத் துறைமுகத்துக்குள் எறிந்தேன். நம்முடைய துறைமுகத்தின் ஆழம் உனக்குத் தெரியும், அது இன்னும் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும். இனி எல்லாம் கடிதம்தான். புல்மோட்டை பஸ் கொண்டக்டர் றிகாஸ் நம் தபால் மந்திரி. பதிலையும் அவனிடமே கொடு.

இப்படிக்கு,
கீழ்க்கடல், மேல்கடல், கொட்டியாரக் குடா ஆகியவற்றின் அதிபதி,
உன் மாமா ஏ.எல்.எம். ஸெய்னுதீன்


ஜமாலியா, திருகோணமலை
09.07.2025

மாமா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்து உம்மா சிரித்தா. பிறகு நான் அழுவதைப் பார்த்து நிறுத்தினா.

ஏழு கடல் ராசாக்கள் ஒருவரும் இல்லை. நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் மூதூர் ஐஸ் ஆலைக்கார ஹாஜியாருக்கு, அவர் விற்ற மீன்பிடிப் போட்டுக்கான காசு வந்தது. அவர் பெயர் ஏ.எம்.எல். ஸெய்னுதீன். நீங்கள் ஏ.எல்.எம். ஸெய்னுதீன். சீட்டில் அவருடைய கணக்கு இலக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் "ஸெய்னுதீன்" என்ற பெயரைப் பார்த்ததும் என் கை தன்பாட்டில் உங்கள் இலக்கத்தை அடித்துவிட்டது. திரையில் பெயர் வந்தது. இரண்டு எழுத்து இடம் மாறியிருந்ததை நானும் பார்க்கவில்லை, எனக்கு மேலே ஒப்பமிட்டவரும் பார்க்கவில்லை.

பதினொரு வயதிலிருந்து மாதாமாதம் உங்களுக்குச் சம்பளம் எடுக்கச் சீட்டு நிரப்பினேன், மாமா. பிறகு பென்சன் சீட்டு. என் சொந்தக் கணக்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன். உங்களுடையதைப் பார்க்கத் தேவையில்லை.

இதை மனேஜரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. ஓர் இலக்கம் பிழைத்திருந்தால் கைப்பிழை என்று விட்டிருப்பார்களாம். எல்லா இலக்கமும் பிழைத்து, காசு நேரே என் மாமாவின் கணக்குக்குப் போய், மாமா ஒன்பது இலட்சத்தோடு ஓடியும் விட்டால் அதற்குப் பெயர் வேறாம். மிச்சக் காசைத் திங்கள் பின்னேரமே முடக்கிவிட்டார்கள். ஹாஜியார் கடைக்குக் கடை நின்று கதைக்கிறார்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். அதற்கு முன் நீங்கள் காசோடு வரவேண்டும். வராவிட்டால் வேலை போகும். வேலை போனால், வங்கிக் கடனில் கட்டிய இந்த வீடும் போகும். பொலிஸுக்கும் கொடுப்பார்கள்.

கெதியாய் வாங்க மாமா.

சனூஸா


திரியாய்
2025 ஜூலை 11, வெள்ளி

கண்ணே மருமகள்,

உன் கடிதம் கிடைத்தது. உன் கைக்கு என் கணக்கு இலக்கம் மனப்பாடம் என்பதை வாசித்துவிட்டு இரண்டு தேத்தண்ணி குடித்தேன். இராசதுரை என்னடா என்று கேட்டான். ஒன்றுமில்லை, புகை என்றேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நான் ஓடியது உனக்காக! யோசித்துப் பார். காசு விழுந்த கையோடு நான் நல்ல பிள்ளையாய் வந்து திருப்பித் தந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "மாமாவும் மருமகளும் சேர்ந்து செய்தார்கள், பிறகு பயந்துவிட்டார்கள்." இப்போது என்ன சொல்வார்கள்? "பாவம் அந்தப் பிள்ளை, மாமன் கள்ளன்." முழுக் களங்கத்தையும் என் தலையில் சுமந்துகொண்டு காடும் கடலும் அலைகிறேன். இப்படி ஒரு தியாகத்தை வேறு எந்த மாமனும் செய்தது கிடையாது.

அலைச்சல் என்றால் சாதாரண அலைச்சல் இல்லை. குச்சவெளி தாண்டி வரும்போது தம்பலகாமத்து யானைகள் இருபத்தேழு றோட்டை மறித்து நின்றன. அங்கிருந்து இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். மூத்த யானை சொன்னது, "ஸெய்னுதீன் நானா காசோட போறார் எண்டு கேள்விப்பட்டம்." ஆளுக்கு ஒரு பனிஸ் வாங்கித் தின்னக் கொடுத்துத் தப்பினோம். இராசதுரையை முதலைகளின் ராசா தன்னுடைய லோஞ்சுக்கு எஞ்சின் ஓட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சம்பளம் பேசி முடியவில்லை.

மாலையில் கச்சான் காற்று அடிக்கிறது, மகள். கரையில் உட்கார்ந்தால் பழைய லோஞ்சுதான் காதில் கேட்கிறது. வெளித் துறைமுகத்தைத் தாண்டியதும் எஞ்சின் ஒரு தரம் தொண்டையைச் செருமும். உடனே மூதூர்ப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் பிள்ளைகளை மடிக்குள் இழுப்பார்கள். கோழி, வெற்றிலை, தயிர்ச்சட்டி, ஒரு தரம் ஒரு மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் ரிக்கற் கிழித்தேன். நீ அஞ்சு வயதில் என் ரிக்கற் கட்டை வாங்கிக் கடலைப் பார்த்துக் கிழித்துக் கிழித்துப் போட்டாய். அன்றைக்கு மீன்களெல்லாம் ரிக்கற்றோடு போயின.

கோதுமைக் கப்பல் கதையையும் மறந்திருக்கமாட்டாய். உன் வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப்போன வருடம், நீ ரெண்டு வயதுப் பிள்ளை. நானும் இராசதுரையும் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலில் ஒளிந்து ஏறி வெளிநாடு போகப் புறப்பட்டோம். கயிற்றேணியில் பாதி ஏறிவிட்டேன். அப்போது ஜமாலியாவில் நீ அழுதது சீனக்குடாவில் எனக்குக் கேட்டது. நடுவில் கடல்! இறங்கிவிட்டேன். அன்றைக்கும் உனக்காக, இன்றைக்கும் உனக்காக.

உம்மாவைச் சாப்பிடச் சொல்லு. பதினெட்டாம் தேதியைப் பற்றிப் பயப்படாதே, மாமா யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னுடைய தியாக மாமா,
ஸெய்னுதீன்


ஜமாலியா
14.07.2025

மாமா,

முதலைகளின் ராசா உங்கள் மந்திரியை விட்டுவிட்டார். இராசதுரை மாமா நேற்று இங்கே வந்தார். திரியாயிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். கதிரையில்கூட இருக்கவில்லை, வாசலில் நின்றுகொண்டே கதைத்தார்.

"பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியாது. திரியாய்க்குப் போவம், பழைய ஆக்களைப் பாப்பம் எண்டு கூட்டிக்கொண்டு போனவன். பை என்னடா எண்டு கேட்டன். அரிசி எண்டான். அரிசியை ஆரும் தலைக்குக் கீழ வச்சுப் படுப்பினமோ?"

"எப்பிடித் தெரிய வந்தது?" என்று உம்மா கேட்டா.

"அவன் குளிக்கப் போனவன், பையையும் கிணத்தடிக்குக் கொண்டு போனவன். அவனுக்கு விசர், எனக்குப் பைத்தியமில்லை. திறந்து பாத்தன், காசுக்கு மேல உன்ர கடிதம் கிடந்தது. டேய், இது ஆற்ற காசு எண்டன். என்ர எண்டான். சனூஸாட வேலை போகப்போகுதடா எண்டன். அதுக்கு அவன் ஒண்டும் கதைக்கேல்ல, பிள்ளை. என்ர வாழ்நாளில அவன் கதைக்காம இருந்ததை நான் அண்டைக்குத்தான் பாத்தன்."

உம்மா அவருக்கு ஒரு கோப்பை பிளேன்டி கொடுத்தா. வாங்காமலே போய்விட்டார்.

மாமா, நான் ஒன்று சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். எனக்கு விளங்கின நாளிலிருந்து நீங்கள் எல்லாமே எனக்காகத்தான் செய்திருக்கிறீர்கள். கப்பலிலிருந்து இறங்கியது எனக்காக. கல்யாணம் முடிக்காமல் இருந்தது எனக்காக. இப்போது களவெடுத்ததும் எனக்காக. நான் ஒன்றையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்தக் கயிற்றேணிக் கதையைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். இவர் போயிருக்கலாமே, நான் அழாமல் இருந்திருக்கலாமே என்று.

ஊரில் உங்கள் பொய்யையெல்லாம் சிரித்துச் சிரித்து நம்புகிறார்கள். நான் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. கை தன்பாட்டில் அடித்தது என்றால் யார் நம்புவார்கள்? நான் என்றாலும் நம்பமாட்டேன்.

வெள்ளி பத்து மணி. இனி எழுதமாட்டேன்.

சனூஸா


புல்மோட்டை
2025 ஜூலை 16, புதன்

மகள்,

இன்று யானை ஒன்றும் இல்லை. இங்கே மண் கறுப்பு, கனியம் கலந்ததாம். அதைக்கூடக் காசுக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டேன், பிறகு கொட்டிவிட்டேன்.

இராசதுரை இல்லாமல் கரையில் இருக்கச் சரிவரவில்லை. முந்தி மத்தியான லோஞ்சு விட்டபிறகு நாங்கள் இரண்டு பேரும் இறங்குதுறைப் படியில் இருந்து ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்போம். மீன் தலை யாருக்கு என்று சண்டை பிடித்தே நாற்பது வருடம் போயிற்று. இங்கே முழு மீனும் எனக்குத்தான். பாதியில் வைத்துவிட்டேன்.

ஒன்பது இலட்சத்துடன் ஓடிய மனிதன் பத்து நாளில் செலவழித்தது பதினோராயிரத்துச் சொச்சம். பஸ், சோறு, தேத்தண்ணி, உடுக்க ஒரு சாரம். கள்ளர் வர்க்கத்துக்கே நான் வெட்கக்கேடு.

வெள்ளி விடிய றிகாஸின் முதல் பஸ் இருக்கிறது. இடம் கிடைத்தால் பார்ப்போம்.

மாமா


வவுனியா
2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இனி எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன். உங்களுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்ததாக உம்மா சொன்னா. ஆனால் இதைப் போனில் கேட்டால் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

இங்கே ஓர் அறை எடுத்திருக்கிறேன். கடல் இல்லை. பின்னேரத்தில் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. சம்பள உயர்வை மூன்று வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள், இடமும் மாற்றிவிட்டார்கள். ஆனால் வேலை இருக்கிறது, வீடும் இருக்கிறது. நீங்கள் செலவழித்ததை இராசதுரை மாமா கொண்டுவந்து நிரப்பினாராம். உங்களோடு இன்னும் கதைப்பதில்லையாம்.

விசாரணையன்று உங்களை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. கொழும்பிலிருந்து வந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, மனேஜர்தான் மொழிபெயர்த்தார். நீங்கள் யானையில் தொடங்கினீர்கள். அவர் இடையில் நிறுத்தி, "நானா, யானைய நான் சொல்லமாட்டன். பிறகு எனக்கும் விசாரணை வரும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பிறகு நீங்கள் பையிலிருந்து என் கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தீர்களாம். "இந்தப் புள்ளைக்கும் எனக்கும் கூட்டு இருந்தா இப்பிடி எழுதுவாளா, வாசிச்சுப் பாருங்க" என்று. மிஸ் இரண்டு கடிதத்தையும் முழுதாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாவாம். கணக்கு இலக்கத்தைப் பற்றி எழுதின இடத்தைத் திரும்ப ஒரு தரம் வாசிக்கச் சொன்னாவாம். நான் உள்ளே போனபோது என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு வெறுந்தாளைத் தந்து "உங்கட சொந்தக் கணக்கு இலக்கத்தை எழுதுங்க" என்று மனேஜரைக் கொண்டு சொல்ல வைத்தா. எட்டு இலக்கத்தோடு, மிச்சம் ஞாபகம் வராமல் நின்றுவிட்டேன். கவனயீனம் என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டா.

இப்போது ஊரெல்லாம் நீங்கள் ஒன்று சொல்லித் திரிவதாகக் கேள்வி. எல்லாம் உங்கள் திட்டமாம். என்னை எழுத வைத்து, அந்தக் கடிதங்களைக் கொண்டே என்னைக் காப்பாற்றத்தான் ஓடினீர்களாம். றிகாஸ் அதைப் பஸ் முழுக்கச் சொல்கிறானாம். உம்மாகூட அரைவாசி நம்பிவிட்டா.

நானும் நம்பலாம் மாமா. நம்பினால் எனக்கும் லேசு. ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை நிலாவெளிக் கிளையில் அந்தச் சீட்டில் கையெழுத்து வைக்கும்போது, அது என் கிளைக் காசு என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் என்னை நினைத்தீர்களா?

பொய் எழுதுவதானால் பதில் எழுதவேண்டாம். நான் கோபிக்கமாட்டேன். பெருநாளுக்கு வருவேன், உங்களுக்குச் சாரம் கொண்டு வருவேன், யானைக் கதை கேட்பேன். அவ்வளவுதான்.

உங்கள் மருமகள்
சனூஸா


ஜமாலியா
2025 ஓகஸ்ட் 9, சனி

என் மருமகள் சனூஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் உம்மா, "பரீட்சை எழுதுறீங்களா காக்கா?" என்று இந்த அண்ணனைப் பார்த்துக் கேட்கிறாள்.

முதலில் கப்பலை முடித்துவிடுகிறேன். கயிற்றேணி கிடையாது. நானும் இராசதுரையும் சீனக்குடா ஆலையின் கேட் வாசல் வரைக்கும்தான் போனோம். காவலாளி பாஸ் எங்கே என்று கேட்டான். இராசதுரை, வீட்டில் மறந்து வைத்துவிட்டோம் என்றான். "அப்ப போய் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றான் அவன், மரியாதையான மனிதன். வீட்டுக்கு வந்தேன். உன் உம்மா புட்டு அவித்து வைத்திருந்தாள். சாப்பிட்டேன். நீ அழவேயில்லை, மகள். பாயில் குப்புறப் படுத்து நல்ல நித்திரை. அந்தக் கேட் திறந்திருந்தால் போயிருப்பேன். கல்யாணமும் உனக்காக நின்றதில்லை, கேட்ட இரண்டு இடத்திலும் பெண் தரவில்லை. ஆகவே நீ எனக்குக் கடன்பட்டது ஒரு சதமும் இல்லை. இத்தனை பெருநாளும் உன்னை நெஞ்சடைக்க வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

ஊரில் சொல்லும் திட்டமும் பொய். கடிதங்களைக் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்பது வெள்ளிக்கிழமை விடிய, பஸ்ஸில், குச்சவெளிக்குக் கிட்ட வரும்போதுதான் எனக்குப் பட்டது. அதற்கு முன் ஒரு திட்டமும் இல்லை. காசு மட்டும்தான் இருந்தது.

இனி நீ கேட்டது.

அன்று நிலாவெளிக் கிளைக்குள் நான் நுழைந்ததும் முழு வங்கியும் கதிரையை விட்டு எழும்பி நின்றது. காவலாளி சல்யூட் அடித்தான். கூரையில் சுற்றிய காற்றாடிகள் மூன்றும் மரியாதைக்கு நின்றுவிட்டன. எனக்கென்று தனியாக ஒரு கதிரை, அதில் பட்டுத் துணி, பக்கத்தில் குளிர்ந்த சோடா. காசாளர்ப் பிள்ளை சீட்டை நீட்டியபோது நகரசபைக் கட்டடம் அளவுக்கு உன் முகம் அந்தக் கண்ணாடியில் வந்தது. பதினொரு வயது முகம், நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு சீட்டு நிரப்புகிற முகம். "மாமா, வேணாம்" என்று அது சொன்னது. கொட்டியாரக் குடா முழுக்கக் கேட்டது. நான், "கொஞ்சம் பொறு, மகள்" என்றேன். கையெழுத்து வைத்தேன்.

எழும்பி நின்றது பொய். சல்யூட் பொய், பட்டுத் துணி பொய், சோடா பொய். கண்ணாடியில் ஒன்றும் வரவில்லை, அதில் வட்டி வீதம் ஒட்டியிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறு, மகள்" என்று நான் சொன்னது மட்டும் உண்மை. வாய்விட்டுச் சொன்னேன். காசாளர்ப் பிள்ளை நிமிர்ந்து, "யாரோட கதைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

மாமா